மொப்பியைப் பெற்றவள்

அத்தியாயம் 9

அன்று காலை மாரென் போட்ட காபியெல்லாம் ஆறிப்போனது. போடுவாள், கோப்பையைப் பிடித்துக்கொண்டு ஜன்னலருகே நிற்பாள், குடிக்க மறந்துவிடுவாள். கடல்போல் விரிந்த ஏரியிலிருந்து வந்த காற்று கண்ணாடியைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது. நவம்பர் பிறந்துவிட்டால் டுலூத் நகரத்தில் அப்படித்தான். ஆனால் அன்று அந்தச் சத்தம் யாரோ உள்ளே வரப் பார்ப்பதுபோல அவளுக்குக் கேட்டது.

சண்டை ஒரு மூஸ் மானுக்காக. அதுவும் நிஜ மான் இல்லை, துணியில் தைத்த பொம்மை மான். கோணல் கொம்பு, தொங்குகிற உதடு, தன் நிழலைப் பார்த்தாலே நடுங்குகிற சுபாவம். மொப்பி என்று பெயர். மாரென் எழுதி, வரைந்த மொப்பி புத்தகங்கள் இல்லாத பள்ளிக்கூடம் மினசோட்டாவிலேயே கிடையாது. அந்த மொப்பி எங்களுக்குச் சொந்தம் என்று, அவள் முன்பு வேலை பார்த்த பிராம்ஹால் பொம்மைக் கம்பெனி வழக்குப் போட்டிருந்தது. எங்களிடம் சம்பளம் வாங்கிய காலத்தில், பொம்மை வடிவமைப்பதையே தொழிலாகச் செய்தவள் உருவாக்கியது. ஆகவே அது கம்பெனியின் படைப்பு என்பது அவர்கள் வாதம்.

வரைந்த கை யாருடையது என்று சட்டம் பார்க்காது, அந்தக் கை அப்போது யாருக்காக வேலை செய்தது என்றுதான் பார்க்கும் என்று அவளுடைய வக்கீல் இங்கிரிட் சோலம் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட்டார். அன்றிலிருந்து மாரென் தன் கைகளைப் பார்ப்பதே குறைந்துவிட்டது.

இன்று சத்தியம் செய்து வாக்குமூலம் கொடுக்கப்போகிறவன் அவளுடைய அண்ணன் ஈரோ கொஸ்கெலா. பிராம்ஹாலின் தையல் பட்டறையில் இன்னமும் மேற்பார்வையாளன். அவனைச் சாட்சியாக அழைத்திருப்பது கம்பெனி.

டில்டா பள்ளிக்கூடப் பையோடு சமையலறைக்கு வந்தாள். பதின்மூன்று வயது. அம்மாவைவிட உயரமாக வளர்ந்திருந்தாள். சின்ன வயதில் இதயத்தில் செய்த அறுவை சிகிச்சையின் தழும்பு தெரியாதபடி எப்போதும் கழுத்து மூடிய ஸ்வெட்டர்தான். ஏலக்காய் ரொட்டியில் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு கேட்டாள்:

“ஈரோ மாமா இன்னைக்கு யார் பக்கம்?”

“சாட்சிக்குப் பக்கம் எல்லாம் கிடையாதும்மா. கேட்டதுக்கு உண்மையைச் சொல்லணும், அவ்வளவுதான்.”

“அப்புறம் ஏன் நீ போடற காபியெல்லாம் ஆறிப்போகுது?”

மாரென் கோப்பையைக் கீழே வைத்தாள். குளிர் என்றாள். டில்டா ஹீட்டரைத் திரும்பிப் பார்த்தாள். பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.

காபி ஆறியதற்குக் காரணம் இருந்தது. இங்கிரிடிடம்கூட மாரென் சொல்லாத காரணம்.

மொப்பியை அவள் ஒரு தடவை கம்பெனிக்கு எடுத்துப் போயிருந்தாள்.

புதிய காட்டு விலங்குப் பொம்மைகளுக்கு யோசனை சொல்லும் கூட்டம் அது. கம்பெனி முதலாளி, கிழவர் பிராம்ஹால், அப்போது உயிரோடு இருந்தார். ஓநாய், கரடி, நரி என்று வரிசையாகக் காட்டிவிட்டு, கடைசியாக ஏதோ ஆசையில் தன் பையிலிருந்து மொப்பியை எடுத்து மேஜைமேல் வைத்தாள் மாரென். அவர் சிரித்துவிட்டார். பயந்தாங்கொள்ளி மானை எந்தக் குழந்தை வாங்கும் என்று கேட்டு, ஒரு விரலால் அதைத் தள்ளிவிட்டார். அதோடு சரி. மாரென் அதை மறுபடி பையில் போட்டுக்கொண்டாள்.

அந்த அறையில் இருந்தது மூன்றே பேர். கிழவர் போய்விட்டார். மிச்சம் அவளும் ஈரோவும்.

கம்பெனியின் கூட்டத்தில், கம்பெனி ஊழியராக, கம்பெனி தயாரிக்கட்டும் என்று காட்டிய பொம்மை. இது வெளியே வந்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். புத்தகங்களைக் கடைகளிலிருந்து திருப்பி எடுத்துவிடுவார்கள். மொப்பி என்ற பெயரைக்கூட அவள் எழுத முடியாது. கணவன் டேல் விவாகரத்து வாங்கிக்கொண்டு அரிசோனா போன பிறகு இந்த வீட்டை நிமிர்த்தி நிற்க வைத்ததே அந்த மான்தான்.

*

பார்னெட் என்பவர் கம்பெனியின் வக்கீல். ஏரிக்கரைத் தெருவில், தூக்குப் பாலம் தெரிகிற கட்டடத்தில் அவருடைய அலுவலகம். வழக்கு கோர்ட்டுக்குப் போகும் முன் சாட்சிகளை இரு தரப்பு வக்கீல்களும் விசாரிப்பது அங்கேதான். மாரென் சீக்கிரமே வந்துவிட்டாள். வண்டி நிறுத்துமிடத்தில் ஈரோவின் பழைய டிரக் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே அவன், கல்யாணத்துக்கும் சாவுக்கும் மட்டும் போடுகிற கோட்டில்.

வாக்குமூலம் முடிகிறவரை அண்ணனோடு வழக்கைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேச வேண்டாம் என்று இங்கிரிட் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மாரென் தன் காரிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டாள். பிறகு இறங்கி, காற்றில் கோட்டைப் பிடித்தபடி நடந்து, டிரக்கின் மறுபக்கக் கதவைத் திறந்து ஏறிக்கொண்டாள்.

ஈரோ ஆச்சரியப்படவில்லை. ஹீட்டரை அவள் பக்கம் திருப்பிவிட்டான்.

கொஞ்ச நேரம் காற்றைப் பற்றிப் பேசினார்கள். இரும்புத் தாது ஏற்றும் கப்பல்கள் எல்லாம் துறைமுகத்துக்குள் ஒதுங்கிவிட்டதாக அவன் சொன்னான். அவள் தலையாட்டினாள். பிறகு, கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடியே கேட்டாள்.

“அந்தக் கூட்டத்தைப் பத்தி அவங்களுக்குத் தெரியுமா?”

“என்கிட்ட யாரும் கேக்கல.”

“இன்னைக்குக் கேட்டா?”

அவன் கோட்டின் பித்தானைத் திருகினான்.

“ஈரோ, ஏழு வருஷம் ஆச்சு. யாருக்கு ஞாபகம் இருக்கும்? ஞாபகம் இல்லன்னு சொல்றதுல தப்பே கிடையாது.” சொல்லும்போதே அவளுக்குத் தன் குரல் வேறு யாருடையதோ போலக் கேட்டது.

“உனக்கு ஞாபகம் இருக்கு. எனக்கும் இருக்கு,” என்றான் ஈரோ. “அந்த ஆள் அதைத் தட்டிவிட்டப்போ உன் மூஞ்சி போன போக்கு இன்னும் கண்ணுல நிக்குது. மறந்துட்டேன்னு எப்படிச் சொல்றது?”

“எனக்காகச் சொல்லக்கூடாதா?”

ஈரோ அவள் பக்கம் திரும்பினான். பெரிய உருவம் அவனுக்கு; சிறு வயதில் பள்ளிக்கூடத்தில் யாராவது அவளைச் சீண்டினால், ஒன்றும் செய்யாமல் வந்து பக்கத்தில் நிற்பான். அது போதும், எல்லோரும் கலைந்துவிடுவார்கள். இப்போது அந்த உருவமே பயந்து போயிருப்பது அவளுக்குத் தெரிந்தது. கம்பெனிக்குப் பிடிக்காததைச் சொன்னால் வேலை போகும். அவளுக்குப் பிடிக்காததைச் சொன்னால் தங்கை போவாள்.

“கேக்கலேன்னா நானா வாயைத் திறக்க மாட்டேன்,” என்றான். “கேட்டா சொல்லிடுவேன். இப்பவே தெரிஞ்சுக்கோ. அங்க வச்சு ஆடிப் போயிடாத.”

அவள் இறங்கும்போது காற்று கதவைப் பிடுங்கிக்கொண்டது. இரண்டு கையாலும் தள்ளி மூட வேண்டியிருந்தது.

*

நீண்ட மேஜை. ஒரு முனையில் தட்டச்சு இயந்திரத்தோடு ஒரு பெண். அறையில் யார் எதைச் சொன்னாலும் அவள் விரல்கள் விடுவதில்லை. ஈரோ கையைத் தூக்கிச் சத்தியம் செய்தான். பார்னெட் மெதுவாகப் பேசுகிறவர், மரியாதையாகப் பேசுகிறவர். அதுதான் மாரெனை அதிகம் பயமுறுத்தியது.

முதலில் பட்டறையைப் பற்றிக் கேட்டார். மாரென் அங்கே என்ன வேலை செய்தாள், வேலை முடிந்த பிறகும் தங்குவாளா, கம்பெனியின் நூலையும் துணியையும் சொந்தக் காரியத்துக்கு எடுத்ததுண்டா. எல்லோரும் வெட்டுத் துணி எடுப்போம் என்றான் ஈரோ. தன் வீட்டுச் சோபா உறையே பிராம்ஹால் கரடியின் முதுகுதான் என்றான். தட்டச்சுப் பெண்ணின் உதட்டோரம் லேசாகச் சிரிப்பு வந்து போனது. பார்னெட்டும் சிரித்தார். மாரென் நாற்காலியில் கொஞ்சம் சாய்ந்துகொண்டாள்.

கேள்விகள் தீரப் போகிறாற்போல இருந்தது. பார்னெட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“இன்னும் ஒண்ணே ஒண்ணு, மிஸ்டர் கொஸ்கெலா. மொப்பியை உங்க தங்கச்சி எப்பவாவது கம்பெனியில யார்கிட்டயாவது காட்டினாங்களா? நாம இதைச் செய்யலாம்ங்கிற மாதிரி?”

மாரென் மேஜைக்கடியில் தன் முழங்காலைப் பற்றிக்கொண்டாள்.

ஈரோ தண்ணீர் டம்ளரை எடுத்தான். குடிக்கவில்லை; திரும்ப வைத்தான். அவளை ஒருமுறை பார்த்தான். அந்தப் பார்வையில் மன்னிப்புக் கேட்பது எதுவும் இல்லை. டிரக்கில் சொன்னதைத்தான் மறுபடி சொன்னது.

“ஆமா,” என்றான். “காட்டினா.”

கூட்டம், காட்டு விலங்குகள், கிழவரின் விரல் என்று ஒன்று விடாமல் சொன்னான். தட்டச்சுப் பெண்ணின் விரல்கள் ஓடிக்கொண்டே இருந்தன. பார்னெட் அவசரப்படவில்லை. பொம்மை வடிவமைப்பாளர், பொம்மைக் கூட்டத்தில், புதுப் பொம்மைகளோடு சேர்த்து இதையும் வைத்தார், இல்லையா என்று கேட்டார். ஈரோ ஆமாம் என்றான்.

இங்கிரிட் இடைவேளை கேட்டார். குரலில் எந்த மாற்றமும் இல்லை.

நடைக்கூடத்தில், குடிநீர்க் குழாய்க்குப் பக்கத்தில், அவர் மாரெனை நிறுத்தினார்.

“இது உங்களுக்குத் தெரியும்.”

“தெரியும்.”

“என்கிட்ட ஏன் சொல்லல?”

பயமாக இருந்தது என்றாள் மாரென். அதைத் தவிர அவளிடம் வேறு பதில் இல்லை. சொல்லிவிட்டால் நிஜமாகிவிடும் என்று நினைத்ததாகவும், நாள் ஆக ஆகச் சொல்லவே முடியாமல் போனதாகவும் மென்று விழுங்கினாள். இங்கிரிட் கோபப்பட்டிருந்தால் தேவலை. அவர் கோபப்படவில்லை.

“உங்க வாக்குமூலம் அடுத்த வாரம்தான்னு சந்தோஷப்படுங்க. சத்தியம் பண்ணிட்டு இதை மறைச்சிருந்தீங்கன்னா, மொப்பி போறது சின்ன விஷயமாயிருக்கும்.” பிறகு கொஞ்சம் இறங்கிய குரலில் சொன்னார்: “காட்டினது தப்பில்ல, மாரென். எங்க, எப்ப, எதுக்காகப் பிறந்துச்சுங்கிறதுதான் கேள்வி. அதை உங்க அண்ணன்கிட்டயே கேக்கப்போறேன். அதுக்கு அவர் என்ன சொல்வார்னாவது உங்களுக்குத் தெரியுமா?”

தெரியும் என்று மாரென் நினைத்தாள்.

உள்ளே போனதும் இங்கிரிட் நேராக அதற்கே வந்தார். மொப்பியை ஈரோ முதல்முதலில் பார்த்தது எங்கே?

ஆஸ்பத்திரியில் என்றான் அவன். டில்டாவுக்கு ஆபரேஷனுக்கு முந்தைய வாரம். மாரென் சம்பளமில்லா விடுப்பில் குழந்தையோடு அங்கேயே தங்கியிருந்தாள். அவனுடைய பழைய பழுப்புக் கம்பளிச் சட்டையைக் கேட்டு வாங்கி, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, கையாலேயே தைத்தாள். கம்பெனியில் யாரும் செய்யச் சொல்லவில்லை, யாருக்கும் தெரியவும் தெரியாது. அந்தக் கூட்டமெல்லாம் குழந்தை பிழைத்து வீட்டுக்கு வந்த பிறகு நடந்தது.

மாரெனுக்குக் கண் நிறைந்தது. கம்பெனியின் வேலை இல்லை, கம்பெனியின் நேரம் இல்லை, கம்பெனியின் துணிகூட இல்லை. பார்னெட் குறிப்பெடுப்பதை நிறுத்தியிருந்தார். இங்கிரிட் பேனாவை மூடி வைத்தார்.

பார்னெட் மறுபடி கேட்க அனுமதி கேட்டார்.

ஒரு பொம்மை வடிவமைப்பாளரின் கண்ணும் பயிற்சியும் அந்த மானில் தெரிகிறதே, கோணல் கொம்பு, தொங்கும் உதடு, இதெல்லாம் தொழில் தெரிந்தவர் யோசித்துச் செய்தது அல்லவா என்றார். ஆஸ்பத்திரியில் செய்தாலும் அது அவருடைய தொழில்மூளை செய்ததுதானே.

“இல்லங்க,” என்றான் ஈரோ.

“அப்போ யாரோடது?”

“டில்டாவோடது.”

மாரென் தலை நிமிர்ந்தாள்.

“மாரென் தச்சா. ஆனா எப்படித் தைக்கணும்னு சொன்னது அந்தக் குழந்தை. கொம்பு ஒண்ணு கோணலா இருக்கணும், ஏன்னா பயந்து ஓடும்போது மரத்துல இடிச்சுக்கிட்டானாம். பேரு அவ வச்சது. நிழலைப் பாத்துப் பயப்படற கதை இருக்குல்ல, முதல் புத்தகத்துல? அதை எனக்கு அவதான் சொன்னா. மாரென் நாற்காலியில தூங்கிட்டிருந்தா. அப்புறம் புத்தகத்துல அதைப் படிச்சப்போ, அட, குழந்தை சொன்னது அப்படியே வந்திருக்கேன்னு நினைச்சுக்கிட்டேன்.”

தட்டச்சுப் பெண் கடைசி வரியையும் அடித்து முடித்தாள்.

பார்னெட் மாரெனைப் பார்த்தார். முதல் தடவையாக, அவர் பார்வையில் ஆர்வம் இருந்தது.

*

கார் வரைக்கும் இங்கிரிட் கூடவே நடந்து வந்தார். காற்றில் கத்திப் பேச வேண்டியிருந்ததால், இரண்டு பேரும் மாரெனின் காருக்குள் ஏறி உட்கார்ந்தார்கள்.

ஆறு வயதுக் குழந்தை யாருக்கும் ஊழியர் இல்லை என்றார் இங்கிரிட். ஈரோ சொன்னது நின்றால், பிராம்ஹால் கதவைச் சாத்திக்கொண்டு போக வேண்டியதுதான். ஆனால் மாரெனின் கதவும் சேர்ந்து சாத்திக்கொள்ளும். அத்தனை புத்தகத்திலும் ஆசிரியர் என்று இருப்பது அவள் பெயர் மட்டும்.

“பிள்ளைங்க சொல்றதைக் கேட்டு அம்மாக்கள் எழுதறதில்லையா?” என்றாள் மாரென்.

“எழுதறாங்க. எவ்வளவு அவ சொன்னது, எவ்வளவு நீங்க எழுதினதுங்கிறதுதான் இனிமே வழக்கு. டில்டாவைச் சாட்சி சொல்லக் கூப்பிடுவாங்க.” இங்கிரிட் கையுறையை மாட்டிக்கொண்டார். கதவைத் திறப்பதற்கு முன் கொஞ்சம் தயங்கினார். “அவளுக்கு வேற வக்கீல் பாக்கணும். நான் உங்க வக்கீல். உங்களுக்கும் அவளுக்கும் ஒரே ஆள் நிக்க முடியாது.”

ஏன் என்று கேட்க மாரென் வாயெடுத்தாள். கேட்பதற்குள் புரிந்துவிட்டது: மொப்பி யாருடையது என்பதில் இனி மகளும் அவளும் எதிரெதிர் பக்கம்.

வீட்டுக்கு எப்படி வண்டி ஓட்டினாள் என்று அவளுக்கே தெரியாது. ஆஸ்பத்திரி நாட்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தாள். தான் தைத்தது ஞாபகம் வந்தது. ஊசி குத்தி ரத்தம் வந்தது ஞாபகம் வந்தது. குழந்தை பேசிக்கொண்டே இருந்தது, ஆமாம், பயத்தில் ஓயாமல் பேசிக்கொண்டே இருந்தது. என்ன பேசியது? எங்கே குழந்தையின் பேச்சு முடிந்து தன் யோசனை ஆரம்பித்தது? அந்தக் கோடு அவளுக்குக் கிடைக்கவில்லை. இத்தனை வருஷமாக அதைத் தேடியதே இல்லை என்பதுதான் எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது.

டில்டா பள்ளியிலிருந்து வந்தபோது வெளியே வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. மாரென் இறைச்சியும் உருளைக்கிழங்கும் அடுக்கிய ஹாட்டிஷை அடுப்பில் வைத்துவிட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தாள். நடந்ததைச் சொன்னாள். எதையும் மறைக்கவில்லை, டிரக்கில் ஏறி அண்ணனிடம் கெஞ்சியதைக்கூட. டில்டா கோட்டைக் கழற்றாமல் நின்று கேட்டாள்.

“உனக்கு அதெல்லாம் ஞாபகம் இருக்கா?” என்றாள் மாரென்.

“எல்லாம் இருக்கு.”

“அப்போ ஏன் ஒரு தடவைகூடச் சொல்லல?”

“நீ கேக்கல.” டில்டா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். “முதல் புத்தகம் வந்தப்போ எனக்கு சந்தோஷமாத்தான் இருந்துச்சு. என் மொப்பியை எல்லாரும் படிக்கிறாங்கன்னு. ரெண்டாவது புத்தகத்துல நீ அவனை மாத்திட்ட. அவன் ஸ்கூலுக்குப் போறான், தைரியம் வந்துடுது, எல்லாரும் கை தட்டுறாங்க.”

“குழந்தைங்களுக்கு அது பிடிச்சிருந்தது.”

“எனக்குப் பிடிக்கல. அவன் தைரியசாலி கிடையாதும்மா. கடைசி வரைக்கும் பயந்துக்கிட்டேதான் இருப்பான். பயந்துக்கிட்டே ஆபரேஷன் தியேட்டருக்கு வருவான். அதனாலதான் எனக்கு அவன் வேணும்னு இருந்துச்சு.”

அழவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் ஒரு கை தன்னையறியாமல் ஸ்வெட்டரின் கழுத்தருகே போயிருந்தது. மாரெனுக்கு அந்தக் கையைப் பிடிக்க வேண்டும்போல இருந்தது. நகர முடியவில்லை. எதிரே உட்கார்ந்திருக்கும் பெண்ணை, தான் பெற்று, தூக்கி, ஆஸ்பத்திரி வராந்தாவில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருந்து மீட்ட பெண்ணைப் பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது.

“அவன் கம்பெனியோடது இல்லன்னு சொல்லணும், அவ்வளவுதானே?” என்றாள் டில்டா.

“ஆமா.”

“அவன் என்னோடதுன்னு ஆயிட்டா, போதும், இனிமே புத்தகம் வேண்டாம்னு சொல்றதும் என்னோடதுதானே?”

மாரென் மாடிப்படியைப் பார்த்தாள். அடுத்த புத்தகத்தைப் பாதி வரைந்து மாடியில் வைத்திருந்தாள். அதில் மொப்பிக்குக் காட்டுக்கே ராஜா என்று பட்டம் கட்டியிருந்தாள்.

அப்போது போன் அடித்தது. சுவரில் மாட்டியிருந்த அந்தப் பழைய போனுக்கு இங்கிரிடைத் தவிர இப்போதெல்லாம் யாரும் கூப்பிடுவதில்லை. மாரென் எழுந்திருப்பதற்குள் டில்டா எடுத்துவிட்டாள்.

“நான்தான் டில்டா பேசறேன்.” கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். “தெரியும். அம்மா சொன்னாங்க.” மறுபடி கேட்டாள். வயரை விரலில் சுற்றிக்கொண்டே சுவர் பக்கமாகத் திரும்பி நின்றாள்; அம்மாவுக்கு அவள் முதுகு மட்டும்தான் தெரிந்தது.

“சாட்சி சொல்ல வரேன். ஆனா ஒண்ணு கேக்கணும்,” என்றாள் டில்டா. “நான் பேசும்போது அம்மா அந்த ரூம்ல இல்லாம இருக்க முடியுமா?”